மூன்றுக்கு மேல் கடன்: வடக்கே கேட்ட திராவிட எண்கள்

ஷார்ஜா கோடவுன்:
பிராகூயி, பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பேசும் திராவிட மொழி. நேரே விஷயத்துக்கு வருகிறேன். அரிசி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே குஸ்தார் பக்கத்து பிராகூயிக்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாகத் தட்டி, தனக்குள்ளேயே எண்ணினார்: "அசிட், இரட், முசிட்..." 'இரட்' வந்ததுமே எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. அடுத்தது 'நா'வில்தான் தொடங்கும் என்று பார்த்தால் "சார், பஞ்ச், ஷஷ்" என்று கடன் எண்ணுக்குத் தாவிவிட்டார். நாலுக்கு உங்கள் பாஷையில் என்ன என்று இந்தியில் கேட்டேன். "அதுதான், நாலுக்கு 'சார்'தான்" என்றார். சிந்துவெளியின் திராவிட மிச்சம் என்கிறார்களே, அதில் மூன்றே எண்தானா?

ராஞ்சிவாசி:
ஜார்க்கண்ட் பக்கம் ஓராவ் மக்கள் பேசும் திராவிட மொழி குடுக். அதில் நாலு வரை சொந்தச் சரக்கு, ஐந்திலிருந்துதான் கடன். கும்லா சந்தையில் ஓராவ் பாட்டி ஒருவர் ஷேர் ஆட்டோவில் மூட்டைகளைக் காட்டி "நாஃக்" என்றார், கூட வந்த பெண்களைக் காட்டி "நைப்" என்றார். இரண்டுமே நாலுதான்! பொருளுக்கு ஓண்டா, ஏண்ட், மூந்த், நாஃக். ஆளுக்கு ஓர்த், இர்ப், நுப், நைப். நாம் மூவர், நால்வர் என்று மேடைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒதுக்கிவிட்டோம். அங்கே அது ஆட்டோ வாடகை பேசுகிறது.

குறுக்கே பேசுபவன்:
முதல் பதிவுக்கு: அதை உடனே சிந்துவெளியோடு முடிச்சுப் போடாதீர்கள். பிராகூயிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன் மத்திய இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. கடன் எண் வந்தால் மொழி செத்ததாகவும் அர்த்தமில்லை. உங்கள் போன் நம்பரை எந்த மொழியில் சொல்கிறீர்கள்?

மங்களூர் மருமகள்:
மாமியார் மீன்காரியிடம் "ஒஞ்சி, ரட்ட், மூஜி" என்று கூறு எண்ணுவார், அவ்வளவுதான் என் கதை. ஒன்று, மூன்று, ஆறு எல்லாம் துளுவில் 'ஜி'யில் முடியும்: ஒஞ்சி, மூஜி, ஆஜி. ஆனால் ஷார்ஜாக்காரரே, "நாலுக்கு என்ன?" என்று தனியாகக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த எண்தான் வரும். ஆளை எண்ணச் சொல்லுங்கள், ஆட்டை எண்ணச் சொல்லுங்கள், நேற்று, முந்தாநாள் என்று நாளை எண்ணச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். வயசானவர்களிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் வேண்டாம், அவர் நாலு மொழியில் கணக்குப் போடுபவர். ஜார்க்கண்ட் பக்கம் இருபது இருபதாக எண்ணுவதும் உண்டு, ராஞ்சிக்காரர் அதையும் விசாரிக்கலாம்.

ஷார்ஜா கோடவுன்:
சரிம்மா. கோடவுனில் ஆட்டுக்கு எங்கே போவேன்?