கல்லூரிக் கால்பந்து: சீசன் டிக்கெட் விலையும் காலி வரிசைகளும்

மழைக்காகம்:
அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் முதுகலை படித்தபோது, எங்கள் கல்லூரி அணியின் கால்பந்துக்கு (நம்மூர்க் கால்பந்து அல்ல, அமெரிக்கன் ஃபுட்பால்) மாணவர் சீசன் டிக்கெட், அதாவது ஒரு பருவத்தின் சொந்த மைதான ஆட்டங்களுக்கு மொத்தமாக விற்கும் டிக்கெட், வாங்கியிருந்தேன். பெரிய எதிரணியோடு மோதும் ஓர் ஆட்டத்தைப் பார்க்க, பெயரே கேள்விப்படாத அணிகளோடு நடக்கும் செப்டம்பர் ஆட்டங்களுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். நவம்பர் குளிரில் ஓர் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில், அன்றைய வருகை எண்ணிக்கையை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்டதும் முன்வரிசை முதியவர் ஒருவர் எழுந்து, எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொருவராக விரலால் சுட்டி உரக்க எண்ணத் தொடங்கினார். விற்ற டிக்கெட்டைத்தான் வருகை என்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பணம் முன்கூட்டியே வந்துவிடுவதால், விலையை ஏற்றுபவர்களின் கணக்கில் காலி இருக்கை என்று ஒன்று கிடையாது.

கணக்குப்பிள்ளை:
அப்படிச் சொல்லிவிட முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு மாணவர் சீசன் டிக்கெட் 295 டாலராக இருந்தது. வாங்கிய மாணவர்கள் பல ஆயிரம் குறைந்தார்கள், இரண்டு கோக் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்ற சலுகை கேலிக்குள்ளானது, அக்டோபர் இறுதியில் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார். மறு ஆண்டே விலை 175 டாலராக இறங்கியது. அந்தப் பருவத்தில் நண்பர் ஒருவரைப் பார்க்க, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகருக்குப் போயிருந்தேன். அரங்கத்துக்கு நடந்தே போகலாம், ஆனாலும் அவர் வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சியில்தான் ஆட்டம் பார்த்தார். ஒளிபரப்பு சில நொடிகள் பிந்தி வருவதால், டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவது) விழுந்த செய்தியைச் சன்னல் வழியாக வந்த ஆரவாரமே எங்களுக்கு முதலில் சொன்னது.

தெற்கத்திக்காரி:
கணக்குப்பிள்ளை ஐயா, 2014இல் அந்த அணி 5 ஆட்டங்களில் வென்று 7 ஆட்டங்களில் தோற்றதை விட்டுவிட்டீர்களே! விலை குறைந்த அதே 2015இல்தான் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக முதல் பருவத்தைத் தொடங்கினார். கூட்டம் விலைக்காக வந்ததா, அவருக்காக வந்ததா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? வென்றுகொண்டே இருந்த அலபாமா பல்கலைக்கழகத்தில்கூட மாணவர்கள் பாதியில் எழுந்து போவதை அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். 2019இல், கடைசிப் பகுதியான நான்காம் கால்பகுதி வரை இருப்பவர்களுக்குக் கைப்பேசிச் செயலி வழியாகச் சலுகைப் புள்ளிகள் கொடுத்தார்கள்.

என் அனுபவம் சிறியது: பக்கத்து வீட்டுக்காரர் போகாத நாளில் அவருடைய இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அச்சிட்ட விலையை மட்டும் பார்க்காதீர்கள், பல பல்கலைக்கழகங்களில் நல்ல இருக்கை வேண்டுமென்றால் ஆண்டுதோறும் தனியாக நன்கொடை கட்ட வேண்டும். அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு 2017 வரை வரிவிலக்கு இருந்தது, 2018 முதல் அதுவும் இல்லை. உங்களுக்கு உண்மையில் வேண்டிய ஆட்டங்கள் எவை என்று முதலில் குறித்துக்கொண்டு, அவற்றை மறுவிற்பனையில் தனித்தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். எளிய எதிரணி ஆட்டங்களின் டிக்கெட் கடைசி நேரத்தில் பெரும்பாலும் மலிந்துவிடும். மாணவர் டிக்கெட்டை வெளியாளுக்குக் கைமாற்றப் பல இடங்களில் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.