கனடா குளிர்ல கறிவேப்பிலை செடி: இலை கொட்டுனா முதல்ல தண்ணிய நிறுத்துங்க

புதுசா டொராண்டோ பக்கம் வந்தவங்க நவம்பர் ஆனா கேக்குற கேள்வி இது. சம்மர்ல வாங்குன கறிவேப்பிலை செடி தளதளன்னு இருந்துச்சு, குளிருதேன்னு வீட்டுக்குள்ள எடுத்து வச்சோம், அதுல இருந்து இலை மஞ்சளாகி கொட்டிக்கிட்டே இருக்கு, தினமும் தண்ணி ஊத்தியும் தேறல, என்ன பண்ணலாம்? அந்த தினமும் ஊத்துற தண்ணிதாங்க பிரச்சனை. வீட்டுக்குள்ள இருக்குற கறிவேப்பிலைய குளிரை விட அதிகமா கொல்றது தண்ணிதான்.

டிசம்பர்ல இங்க பகல் வெளிச்சமே சுமார் 9 மணி நேரம்தான், அதுவும் சூரியன் தாழ்வா வந்துட்டு போயிடும், வீட்டுல ஹீட்டர் 20 டிகிரில ஓடுனாலும் ஜன்னல் ஓரம் ராத்திரில அதை விட நல்லாவே குறையும். இந்த செடி வெயில்ல வளர்ற செடி, வெளிச்சமும் சூடும் இல்லன்னா வளர்ச்சிய நிறுத்திட்டு தூங்கப் போயிடும். தூங்குற செடி தண்ணி ரொம்ப கம்மியாதான் குடிக்கும். நீங்க ஊத்துனது அப்படியே மண்ணுல நிக்கும், மண்ணுக்குள்ள காத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணி அடைச்சுக்கும், வேர் மூச்சு விட முடியாம அழுக ஆரம்பிக்கும். அழுகுன வேரால தண்ணிய மேல ஏத்த முடியாது, அதனால இலை வாடும், இலை வாடுறத பார்த்து இன்னும் ரெண்டு டம்ளர் ஊத்துவோம். இப்படியே ஜனவரிக்குள்ள செடி போயிடும்.

அதனால இலை கொட்டுனா பயந்து எதையும் ஊத்தாதீங்க. தண்டுல நகத்தால லேசா கீறி பாருங்க, தோலுக்கு அடில பச்சையா ஈரமா இருந்தா செடி உயிரோடதான் இருக்கு, ஒரு இலை கூட இல்லாம மொட்டை குச்சியா நின்னாலும் ஏப்ரல்ல துளிர் விடும். காய்ஞ்சு பழுப்பா இருந்தா கொஞ்சம் கீழ இறங்கி கீறுங்க. மேல செத்து அடித்தண்டு பச்சையா இருக்குற செடிங்க நிறைய, அதுங்களுக்கு செத்த பாகத்த வெட்டி விட்டா போதும்.

சந்தேகமா இருந்தா தொட்டியில இருந்து மண் கட்டியோட மெதுவா வெளிய உருவி வேர பாருங்க. வெளுப்பா, கிள்ளுனா கெட்டியா இருந்தா நல்ல வேர். கறுத்து, வழவழன்னு, விரல்ல பிடிச்சு இழுத்தா மேல்தோல் உறை மாதிரி கழண்டு உள்ள நூல் மட்டும் நின்னா அழுகல், ஒரு சாக்கடை வாசமும் வரும். அழுகுனத சுத்தமான கத்தரிக்கோலால வெட்டிட்டு, மிச்சம் இருக்குற வேருக்கு அளவா சின்ன தொட்டியா பார்த்து புது மண்ணுல வைங்க. பெரிய தொட்டி வைக்காதீங்க, வேர் எட்டாத இடத்துல எல்லாம் ஈரம் தங்கும். உரமும் அப்போ வேண்டவே வேண்டாம்.

மண்ணு விஷயத்துல கடையில "கார்டன் சாயில்"னு ஒரு மூட்டை இருக்கும், "பாட்டிங் மிக்ஸ்"னு ஒண்ணு இருக்கும். முதல்ல சொன்னது வெளிய தரையில போடுறது, தொட்டில போட்டா களிமண்ணா இறுகிடும். பாட்டிங் மிக்ஸ் மூணு பங்கு, பெர்லைட் (தண்ணி வடியறதுக்கு கலக்குற லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, இது போதும். ஊர்ல செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்து மொட்டை மாடில வச்சா மதுரை வெயிலுக்கு சாயங்காலத்துக்குள்ள காய்ஞ்சிடும், அந்த கணக்க இங்க ஜன்னல் ஓரத்துக்கு கொண்டு வராதீங்க. அடில கல்லு போட்டா தண்ணி வடியும்னு சொல்றதும் சரி கிடையாது, கல்லுக்கு மேல இருக்குற மண்ணுல ஈரம் அப்படியே நிக்கும். ஓட்டை இருக்கணும், அதுதான் முக்கியம். அடில வச்ச தட்டுல வடிஞ்ச தண்ணிய அரை மணி நேரத்துல கொட்டிடுங்க.

எப்போ ஊத்தணும்னா கிழமை கணக்கு வேண்டாம். விரல ரெண்டு இஞ்சு உள்ள விட்டு பாருங்க, காய்ஞ்சிருந்தா ஊத்துங்க, இல்லன்னா விட்டுடுங்க. இன்னும் நல்ல வழி தொட்டிய தூக்கி பாக்குறது, தண்ணி ஊத்துன உடனே எவ்ளோ கனம், காய்ஞ்சப்புறம் எவ்ளோ கனம்னு கைக்கு ஒரு வாரத்துல பழகிடும். குழாய்ல வர்ற ஐஸ் தண்ணிய நேரா ஊத்தாம வீட்டுக்குள்ளயே கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு ரூம் சூட்டுக்கு வந்ததும் ஊத்துங்க.

புளிச்ச மோர் பத்தி சொல்லியே ஆகணும், செடிக்கு அத ஊத்துன்னு அம்மா போன்ல கண்டிப்பா சொல்லுவாங்க. ஊர்ல திறந்த வெளில அது சரி. இங்க மூடுன வீட்டுக்குள்ள மண்ணு மேல வெள்ளையா பூஞ்சை பூக்கும், நாத்தம் வரும், சின்ன கறுப்பு கொசு மாதிரி ஒண்ணு மண்ணுல இருந்து கிளம்பி மூஞ்சியச் சுத்தும். அந்த பூச்சி ஈரமான மேல்மண்ணுலதான் முட்டை போடும், மேல ரெண்டு இஞ்சு நல்லா காய விட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணு குத்தி வச்சா அடங்கிடும். மோர மே மாசம் செடி வெளிய போனப்புறம் வச்சுக்கலாம்.

இலை மஞ்சளாகுறதுலயும் வித்தியாசம் இருக்கு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச் சத்து போகல. இங்க குழாய் தண்ணி கொஞ்சம் கடினத் தண்ணி, காரம் உள்ளது, அது ஊத்த ஊத்த மண்ணுல பிஎச் (புளிப்பு-கார அளவு) கார பக்கம் ஏறி இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாம போகும். கறிவேப்பிலை எலுமிச்சை குடும்பம், லேசா புளிப்பு மண்ணுதான் அதுக்குப் பிடிக்கும், அதனால சிட்ரஸ் செடிக்குன்னு விக்கிற உரமும் கீலேட்டட் அயர்னும் (வேர் சுலபமா எடுத்துக்குற மாதிரி செஞ்ச இரும்புச் சத்து) வளர்ச்சி தொடங்குற மார்ச் ஏப்ரல்ல கொடுங்க. அடி இலை முழுசா மஞ்சளாகி ஒண்ணு ரெண்டு விழுறது குளிர்காலத்துல வழக்கம்தான், விட்டுடுங்க.

காத்து அடுத்த பெரிய விஷயம். ஹீட்டர் ஓடுற வீட்டுல ஈரப்பதம் 25, 30 சதவீதத்துக்கு இறங்கிடும், நம்ம உதடு வெடிக்கிறதும் அதனாலதான். நிறைய வீட்டுல ஜன்னலுக்கு நேர் கீழதான் தரையில ஹீட்டர் வென்ட் இருக்கும், செடியையும் வெளிச்சத்துக்காக அங்கயே வைப்போம், சூடான வறண்ட காத்து நேரா இலையில அடிச்சா ரெண்டே நாள்ல கருகும். வென்ட் மேல ஒரு பிளாஸ்டிக் டிஃப்ளெக்டர் மாட்டி காத்த திருப்பி விடுங்க, இல்ல செடிய நகத்துங்க. ஆனா காத்தே ஆடாத மூலையும் ஆகாது. சின்ன கிளிப் ஃபேன் ஒண்ணு குறைஞ்ச வேகத்துல, செடி மேல நேரா படாம சுவர் பக்கம் திருப்பி வச்சா மேல்மண்ணு சீக்கிரம் காயும், பூஞ்சை வராது. ஜனவரில ஃப்ரெஷ் ஏர்னு செடி பக்கத்து ஜன்னல திறக்காதீங்க.

வறண்ட காத்துல சிலந்திப் பேன் வரும், கண்ணுக்கு சட்டுன்னு தெரியாது. இலைக்கு கீழ வெள்ளை பேப்பர் பிடிச்சு தட்டுங்க, விழுந்த தூசில ஏதாவது நகர்ந்தா அதுதான். பாத்டப்ல வச்சு ஷவர்ல இலையோட அடிப்பக்கம் நல்லா படுற மாதிரி கழுவி, இன்செக்டிசைடல் சோப் (செடிப் பூச்சிக்குன்னு விக்கிற சோப்பு) அடிங்க, வாரம் ஒருக்கா மூணு நாலு தடவை. தண்டுல பழுப்பா பொட்டு பொட்டா ஒட்டி, கீழ தரை பிசுபிசுன்னு இருந்தா அது செதில் பூச்சி, ரப்பிங் ஆல்கஹால்ல பஞ்ச நனைச்சு ஒவ்வொண்ணா தொடச்சு எடுக்கணும்.

பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்குறவங்களுக்கு ஜன்னல் வெளிச்சம் பத்தாது, எல்இடி க்ரோ லைட் ஒண்ணு வாங்கி டைமர்ல 12-14 மணி நேரம் ஓட விடுங்க. கஞ்சா செடிக்கு சாமான் விக்கிற ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாம செடி வளர்க்குற முறை) கடைங்க இங்க நிறைய, 2018 அக்டோபர்ல சட்டம் மாறுனதுல இருந்து ஒன்டாரியோவுல ஒரு வீட்டுக்கு நாலு கஞ்சா செடி வரைக்கும் வளர்க்கலாம். அந்தக் கடைக்குள்ள போறதுக்கு கூச்சப்படாதீங்க, லைட், ஃபேன், ஈரப்பத மீட்டர் எல்லாம் அங்க நல்லதா கிடைக்கும், மண்ணு பத்தியும் விவரமா பேசுவாங்க.

ஊர்ல இருந்து மண்ணோட செடிய பெட்டில வச்சு கொண்டு வர நினைக்காதீங்க, மண்ணு கொண்டு வர தடை இருக்கு, ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்க. சம்மர்ல ஸ்கார்பரோ தமிழ்க் கடைகள்லயே கன்னு வாங்கிக்கலாம். செடிய வெளிய விடுறது மே மாசம் வர்ற விக்டோரியா டே லீவு வீக்கெண்ட் தாண்டி, அதுவும் முதல் ஒரு வாரம் நிழல்ல. ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போறதுக்கு முன்னாடி உள்ள எடுத்துடுங்க.

டிசம்பர்ல ஊருக்குப் போறவங்க கிளம்புற அன்னிக்கு தொட்டிய நிரப்பிட்டு போகாதீங்க. ரெண்டு நாள் முன்னாடி ஒரு தடவை நல்லா ஊத்தி, வடிய விட்டு, தட்ட காலி பண்ணிட்டு, தெர்மோஸ்டாட்ட 17க்கு கீழ இறக்காம வச்சுட்டு போங்க, தூங்குற செடி மூணு வாரம் சமாளிச்சுக்கும். பக்கத்து வீட்டு அக்கா கிட்ட சாவி கொடுத்தீங்கன்னா தண்ணி ஊத்துங்கன்னு சொல்லாதீங்க, தொட்டிய தூக்கி பார்த்து லேசா இருந்தா மட்டும் ஒரு டம்ளர்னு சொல்லிட்டு போங்க.