நண்பர்களுக்குப் பின்னிய தொப்பி: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மார்கழிக்குளிர் (ஸ்கார்பரோ)

ஜெய்ன் என்ற கதாபாத்திரத்தின் தொப்பி இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் முரடன் அவன். தொப்பி ஆரஞ்சு உடம்பு, நெற்றியில் மஞ்சள் பட்டை, இரண்டு காது மடல், உச்சியில் நூல் பந்து. 2002-இல் வந்து ஒரே சீசனில் நின்றுபோன தொடர் அது. அந்தத் தொப்பி வரும் எபிசோடை அமெரிக்காவில் அப்போது ஒளிபரப்பவே இல்லை, டிவிடியில்தான் பார்த்தோம். நானும் என் நண்பன் ஒருவனும் கல்லூரி நாளில் ஒரு பேஸ்மென்ட் வீட்டில் உட்கார்ந்து ஒரே வாரயிறுதியில் பதினான்கு எபிசோடையும் முடித்தவர்கள்.

போன பிப்ரவரியில் அவன் அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மா கையால் எத்தனையோ நாள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறேன். அவனிடம் பேச வார்த்தை வரவில்லை, அதனால் பின்னினேன். தடித்த நூல், இரண்டு இரவில் முடிந்துவிட்டது. கென்னடி ஸ்டேஷனில் கொடுத்தேன், அங்கேயே போட்டுக்கொண்டான்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தொப்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். விக்டோரியா பார்க்கில் இறங்குவதற்கு எழுந்தவர், அவன் பக்கம் குனிந்து, "அம்மா பின்னி அனுப்பினாரா?" என்று கேட்டார். தொடர் பார்த்தவர் கேட்கிற கேள்வி அது. கதையில் அந்த முரடனுக்கு அவன் அம்மாதான் தொப்பி பின்னிக் கடிதத்தோடு அனுப்புவாள், அவனும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் உடனே தலையில் மாட்டிக்கொள்வான். பெரியவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இவன் "ஆமாம், அம்மாதான்" என்றான். அப்புறம் இரண்டு காது மடலையும் இரண்டு கையால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான். பிராட்வியூ வரும்வரை கையை எடுக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.

அந்த அம்மா பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை. கதையில் அது அம்மா கொடுத்த தொப்பி என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் பின்னிய இரண்டு இரவிலும் அதை அவனோடு சேர்த்து யோசிக்கவில்லை. ஆறுதல் கொடுத்தேனா, ஆறாத புண்ணைத் தொட்டுவிட்டேனா? இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.

குன்னூர்வர்க்கி

எனக்கு டோரா கார்ட்டூன். சுட்டி டிவியில் டோராவின் பயணங்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அதில் எதையாவது திருட வரும் குள்ளநரியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். எங்கள் ஹாஸ்டலில் ஒருத்திக்கு அதுதான் பெயர். யார் டப்பாவைத் திறந்தாலும் வந்து நிற்பாள். "குள்ளநரி திருடக்கூடாது!" என்று மெஸ்ஸே சேர்ந்து கத்தும், அவளும் சிரிப்பாள், ஒரு வாய் எடுத்துக்கொண்டு போவாள்.

ஆறு வருஷம் கழித்து டிசம்பரில் ஐந்து பேரும் குன்னூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு ஆரஞ்சு நூலில் நரித் தொப்பி. மேலே இரண்டு காது, கண் இருக்கும் இடத்தில் நீல முகமூடி. அந்த நீலம் கிடைக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். பொட்டலத்தைப் பிரித்ததும் எல்லோரும் பழையபடி கத்தினார்கள். போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

ராத்திரி டம்ளர் கழுவும்போது நாங்கள் இருவர் மட்டும். தொப்பி இன்னும் அவள் தலையில்தான். ஈரக் கையால் ஒரு காதைக் கிள்ளிக் கிள்ளி விட்டுக்கொண்டே, "அப்போ எனக்கு நிஜமாவே பசிக்கும்டி" என்றாள். வீட்டிலிருந்து பணம் வராத மாதங்களில் மெஸ் பில் கட்டாமல் காலையில் சாப்பிட வரமாட்டாளாம். மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

தொப்பியைத் திரும்பக் கொடு, வேறு பின்னித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதற்கு எடுத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நாலுகம்பி

இரண்டு பதிவும் படித்தேன். மார்கழி, காது மடலை இழுத்துப் பிடித்தான் என்கிறீர்கள். தடித்த நூலில் மடலைத் தனியாகப் பின்னி ஒட்டுத்தையல் போட்டிருந்தால் அந்த இடம் சீக்கிரம் விட்டுவிடும். தொப்பியின் விளிம்பிலிருந்தே லூப் எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னியிருக்க வேண்டும்.

பொதுவாகவே சொல்கிறேன், பிரியப்பட்டவர்களுக்குப் பின்னுகிறவர்கள்தான் அளவில் அவசரப்படுகிறீர்கள். பெரியவர் தலை பெரும்பாலும் 54 முதல் 58 செ.மீ. வரும். தொப்பி அதைவிட ஐந்து செ.மீ. சிறியதாக இருந்தால்தான் தலையில் நிற்கும். நடுத்தரத் தடிமன் நூலும் 5 மி.மீ. ஊசியும் என்றால் 10 செ.மீ.-க்குச் சுமார் 18 லூப். 50 செ.மீ.-க்கு 90 வரும், ஆனால் 90 போடாதீர்கள். இரண்டு நிட் (நேர்ப்பின்னல்) இரண்டு பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று மாறி மாறி வரும் கோடு கோடான ரிப்புக்கு நாலால் வகுபட வேண்டும். 88 போட்டால் உச்சியில் எட்டுப் பங்காகப் பிரித்துக் குறைக்கவும் சரியாக வரும்.

ஸ்வாட்ச், அதாவது மாதிரித் துண்டு, பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளந்து பாருங்கள். மெஷினில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி நனைந்தால் தொங்கிவிடும். சாதாரணக் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் சுருங்கி அட்டையாகிவிடும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது, இழை உருகித் துவண்டுபோகும். வர்க்கி, உங்கள் நீல முகமூடி மாதிரி இரண்டு நிறம் வரும் இடத்தில் பின்பக்கம் ஓடும் நூலை இறுக்கினால் முன்பக்கம் சுருக்கம் விழும். நாலைந்து லூப்புக்கு ஒரு தடவை பின்னால் கோத்துப் பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், நூலை உங்கள் கையில் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கழுத்துப் பக்கம் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அரிக்கிறதா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

எனக்கு நடந்தது: உடம்பு முடியாத நண்பர் ஒருவருக்குப் பின்னினேன். ஒரு நாள்தான் போட்டார். தவறான நூல்.

குன்னூர்வர்க்கி

நாலுகம்பி அண்ணா, நான் எழுதியது அவள் பசியைப் பற்றி. நூலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திருப்பூர்க்காரன்

எனக்குச் சொல்ல அனுபவம் இல்லை, ஆனால் இவ்வளவு உழைப்பைச் சும்மா கொடுப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு தையல் எத்தனை விநாடி என்று கணக்குப் போட்டுக் கூலி பேசுவார்கள். ஜெயின் தொப்பிக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆன்லைனில் போடலாமே.

மார்கழிக்குளிர்

அப்படித்தான் நிறையப் பேர் வருஷக்கணக்காகக் கையால் பின்னி எட்சி என்ற ஆன்லைன் சந்தையில் விற்றார்கள், தம்பி. 2013-இல் உரிமம் வாங்கித் தயாரித்த தொப்பி கடைக்கு வந்ததும் அவர்களுக்குத் தொடரின் உரிமை வைத்திருந்த ஃபாக்ஸ் தரப்பிலிருந்து விற்கக்கூடாது என்று நோட்டீஸ் போனது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பின்னிக் கொடுத்து வந்த தொப்பி அது. கூலி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் இதை நான் விற்கப் பின்னவில்லை.

நாலுகம்பி

வர்க்கி, கோபம் நியாயம்தான். முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர் தூத்துக்குடிக்காரர், தாத்தா சங்கு குளித்தவர். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் கடல் நிகழ்ச்சிகள் என்றால் அவருக்கு உயிர். அவருடைய கலிப்ஸோ கப்பலில் கூஸ்தோவும் ஆட்களும் சிவப்புப் பின்னல் தொப்பியோடு நிற்பார்களே, அது பித்தளைத் தலைக்கவசம் மாட்டி இறங்கிய பழைய முக்குளிப்பாளர்கள் உள்ளே போட்ட கம்பளித் தொப்பியிலிருந்து வந்த வழக்கம். இதை எனக்குச் சொன்னதே அவர்தான். அதனால் கீமோ ஆரம்பித்து முடி கொட்டியபோது, அசல் மாதிரியே இருக்கட்டும் என்று சிவப்புக் கம்பளியில் பின்னினேன்.

வார்டில் போட்டுக்கொண்டு கண்ணாடி கேட்டார். நான் இருந்த ஒன்றரை மணி நேரமும் கழற்றவில்லை, கப்பல் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடைபெற்று வெளியே வந்தவன், செருப்பை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று திரும்பினேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். தொப்பி மடியில் இருந்தது. நெற்றியிலிருந்து பின்மண்டை வரை ரிப் பதிந்த கோடு கோடாகச் சிவந்திருந்தது. அவர் மனைவி ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

பருத்தி நூலில் பின்னியிருக்கலாம். அடுத்த வாரம் பின்னினேன், அது அவர் தலைக்குப் போகவில்லை.

கோரமங்கலா

நாலுகம்பி சார், உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் நானும் எழுதுகிறேன்.

கிராவிட்டி ஃபால்ஸ். என் டீமில் இருந்த தோழிக்கு அந்தக் கார்ட்டூன் என்றால் பைத்தியம், என்னையும் பார்க்க வைத்தாள். நான் முதல் சீசனோடு நிறுத்திவிட்டேன். அவள் ஜெர்மனி கிளம்பியபோது, அதில் வரும் சிறுவன் டிப்பரின் நீலமும் வெள்ளையும் கலந்த பைன் மரத் தொப்பியை அவளுக்கும், அவன் தோழி வெண்டியின் பழுப்புத் தொப்பியை எனக்கும் பின்னினேன். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, நாலு மாதம்.

விமான நிலைய வாசலில் இருவரும் போட்டுக்கொண்டு படம் எடுத்தோம். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தவள், சட்டென்று தன் தொப்பியைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள், இன்னொரு கையை என் தொப்பிக்குக் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தொப்பி பிடிக்கவில்லையோ என்று நினைத்து, "உனக்குத்தான் பின்னினேன், நீயே வெச்சுக்கோ" என்று அவள் தலையிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடைசி எபிசோட் பார்த்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். டிப்பர் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவனும் வெண்டியும் தொப்பியை மாற்றிக்கொள்வார்கள்.

பழுப்புத் தொப்பி அலமாரியில் இருக்கிறது. பார்சல் அனுப்பினால் அவளுக்குப் புரியும். ஆனால் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மார்கழி அக்கா, நீங்கள் அவரிடம் கேட்டுவிடுங்கள். நாள் ஆக ஆகக் கேட்க முடியாமல் போய்விடும்.

பெர்கன்மழை

தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சில விஷயங்களைக் கேட்காமல் விடலாம், மார்கழி.

இங்கே நோர்வேயில் டிசம்பர் 1 முதல் 24 வரை ஒவ்வொரு நாளும் ஒரு பாகமாகப் பிள்ளைகளுக்குத் தொடர் போடுவார்கள். 1999-இல் வந்த யூல் இ ப்ளோஃபியெல், நீலத் தொப்பிக் குள்ளர்களும் சிவப்புத் தொப்பிக் குள்ளர்களும் வருவது. மகளும் பக்கத்து வீட்டுச் சிநேகிதியும் அதில் மூழ்கிக் கிடந்தார்கள். மகளுக்கு நீலத்திலும் மற்றப் பிள்ளைக்குச் சிவப்பிலும் கூம்புத் தொப்பி பின்னினேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பிள்ளையின் அம்மம்மா சிவப்புத் தொப்பியை வாங்கி மடியில் வைத்தார். பிள்ளை கேட்டும் கொடுக்கவில்லை. ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த காலத்தில் சிவப்புப் பின்னல் தொப்பி எதிர்ப்பின் அடையாளமாகப் போய், 1942-இல் அதைப் போடவே தடை வந்ததாம். தன் அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பொலிஸ்காரர் நிறுத்தித் தொப்பியைக் கழற்றச் சொன்னாராம். அக்கா கழற்றினாள், தலைமுடியெல்லாம் மழையில் நனைந்தது என்றார். மழை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் எத்தனை சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தவள் நான். நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் கோப்பையில் கோப்பி ஊற்றினேன். நோர்வேக்கு வந்து பத்து வருஷத்தில் அந்த வீட்டில் அவ்வளவு நேரம் இருந்தது அன்றுதான்.

மார்கழிக்குளிர்

எல்லோருக்கும் நன்றி. கேட்பதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் சொன்னதை வைத்து மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அவனே மெசேஜ் அனுப்பினான். இடது காது மடல் தையலில் பிரிந்துவிட்டதாம், போன குளிர் முழுக்கப் போட்டது, சரி பண்ணித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறான். சனிக்கிழமை வருகிறான்.

நாலுகம்பி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி தனியாகப் பின்னி ஒட்டியதுதான். முழு மடலையும் பிரித்துவிட்டு விளிம்பிலிருந்து லூப் எடுக்கட்டுமா, அல்லது பிரிந்த இடத்தை மட்டும் தைக்கலாமா? பழைய நூல் ஒரு உருண்டை மீதி இருக்கிறது.