மறுமொழி: ‘செயற்கைக் கணையம்’ வேண்டாம், ‘அளவறி இன்சுலின் செலுத்தி’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். சர்க்கரை அளவைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்புக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் மறுமொழி இது.

> ‘செயற்கைக் கணையம்’ என்றே வைத்துவிடலாமே? படித்ததும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் தவறாகப் புரிகிறது. என் அக்கா மகளுக்கு முதல் வகை நீரிழிவு, அதாவது உடல் இன்சுலினைச் சுரக்காத வகை. அவள் இந்தப் பம்பை மாட்டிக்கொண்டதும் உறவினர்கள் கேட்டது, “அப்போ நோய் போயிடுச்சா?” என்றுதான். கணையம் என்றாலே உறுப்பை மாற்றிவிட்டதாக நினைப்பார்கள். நிஜக் கணையம் செரிமான நொதிகளைச் சுரக்கிறது. சர்க்கரை தாழ்ந்தால் உயர்த்தக் குளுக்ககானும் சுரக்கிறது. அவள் கருவிக்குத் தெரிந்தது இன்சுலின் மட்டுமே.

அமெரிக்காவில் டேனா லூயிஸும் நண்பர்களும் 2015இல் பொதுவில் வெளியிட்ட, இதே வேலையைச் செய்யும் ஓப்பன் ஏபிஎஸ் (Open Artificial Pancreas System) அமைப்பின் பெயரிலும் செயற்கைக் கணையம் உண்டு, உண்மைதான். ஆனால் துறையில் இப்போது இன்சுலின் செலுத்துவதைச் சொல்லும் பெயரே அதிகம் புழங்குகிறது.

> அப்படியானால் ‘தானியங்கி இன்சுலின் வழங்கி’?

‘வழங்கி’ என்றால் கொடுப்பது மட்டும்தான். தோலுக்கடியில் உள்ள சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை அனுப்ப, சர்க்கரை எங்கே போகும் என்று மென்பொருள் கணிக்கிறது. அதன்படி பம்ப் இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். இதில் நிறுத்துவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உள்ளே போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. வேகமாக வேலை செய்யும் வகையே நாலைந்து மணி நேரம் உடலில் இருக்கும். நள்ளிரவில் சர்க்கரை 110 (மி.கி./டெ.லி.) என்று காட்டி, பக்கத்தில் அம்புக்குறி கீழ்நோக்கி இருந்தால், பம்ப் அப்போதே கையைக் கட்டிக்கொள்கிறது. முன்பெல்லாம் அக்கா அலாரம் வைத்து எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலில் குத்திப் பார்ப்பார். இப்போது பெரும்பாலான இரவுகளில் இருவருமே தூங்குகிறார்கள்.

‘தானியங்கி’ என்பதும் அளவுக்கு மீறிய வாக்குறுதி. இட்லி சாப்பிடுமுன் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று அவள்தான் பதிய வேண்டும், ஏனென்றால் இட்லி சர்க்கரையை ஏற்றும் வேகத்துக்குத் தோலுக்கடியில் போகும் இன்சுலின் ஈடுகொடுக்காது. இன்சுலினைத் தோலுக்கடியில் கொண்டுபோகும் குழாயை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்ற வேண்டும். அது மடங்கி அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே, இன்சுலின் இல்லாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருளான கீட்டோன் ஏறத் தொடங்கும். எல்லாம் தானே நடக்கும் என்று நம்பி, கீட்டோன் ஏறுவதன் அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து.

‘சர்க்கரைச் சீராக்கி’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் கடையில் விற்கும் பொடியின் பெயர் போல இருக்கிறது. முதல் வகைக் குழந்தைக்குப் பொடியை நம்பி இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே கேடு. அந்தக் குழப்பத்துக்கு நம் சொல் இடம் தரக் கூடாது.

ஆகவே என் பரிந்துரை ‘அளவறி இன்சுலின் செலுத்தி’. அளவறிந்து கொடுக்கும், அளவறிந்து நிறுத்தும், இரண்டும் அதில் அடங்கும். ஊசி செலுத்துவது என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் ‘செலுத்தி’ உறுத்தாது. பேச்சில் ‘அளவறி பம்ப்’ என்று சுருங்கட்டும். பம்ப் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதை விரட்ட வேண்டாம். உணவின் மாவுச்சத்தைப் பயனர் பதிய வேண்டிய இன்றைய வகையைக் குறிக்க ‘பகுதித் தானியங்கு’ என்று முன்னால் சேர்க்கலாம்.

‘அளவறி’ என்றால் அளக்கும் கருவி, அதாவது சென்சார் மட்டும் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? அந்த ஒரு ஐயம் எனக்கு இருக்கிறது. குழுவில் செவிலியர்கள் இருந்தால், புதிதாக நோய் கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்து, என்ன புரிந்துகொண்டார்கள் என்று எழுதுங்கள்.