வீட்டுல ஃப்ளை கட்டுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? நம்ம ஊரு இறகு, நூல் வச்சு ட்ரவுட், ஸ்டீல்ஹெட்டுக்கு கட்டுன அனுபவம் சொல்லுங்க

கானாடுகாத்தான் ரிட்டயர்டு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பக்கத்து ஆளுங்க வெளிநாட்டுல நிறையப் பேரு இருக்கீங்க, அதுல குளிர் தண்ணியில வாழுற ட்ரவுட் மீன் பிடிக்கப் போறவங்களும் இருப்பீங்கன்னு தெரியும், ஆனா ஊர்ல உக்காந்து ஃப்ளை கட்டுறவங்க என்னைத் தவிர யாரும் இருக்காங்களான்னு கேக்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: கொக்கியில இறகு, ரோமம், நூல், கம்பி இதெல்லாம் சுத்தி பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ பண்றதுதான் ஃப்ளை. மண்புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. ஸ்டீல்ஹெட்டுங்கிறது தனி மீன் இல்லீங்க, ரெயின்போ ட்ரவுட்டேதான். ஆத்துல பொறந்து கடலுக்குப் போயி பெருத்துட்டு முட்டை போட மறுபடியும் ஆத்துல ஏறி வர்ற ரகம். பசிபிக் சால்மன் முட்டை போட்டதும் செத்துப் போயிரும், இது அப்படி இல்ல, தப்பிச்சதெல்லாம் திரும்பக் கடலுக்குப் போயி இன்னொரு தடவையும் வரும்.

எம் மகன் கிளீவ்லாண்டுல இருக்கான். அங்கிட்டு கடலே கிடையாது, ஈரி ஏரிதான் கடலு, ஒஹையோ மாநிலத்துக்காரங்களே வருசா வருசம் குஞ்சு விடுறாங்க, மிச்சிகன்ல இருக்க மேனிஸ்டீ ஆத்து வம்சம், அது ஏரியில தின்னு வளந்து குளிர் ஆரம்பிச்சு மழை பேஞ்சதும் ராக்கி ரிவர், சாக்ரின், கிராண்டுன்னு ஒவ்வொரு ஆத்துலயும் ஏறுது. ராக்கி ரிவர் ஊருக்குள்ளயே ஓடுற ஆறு. கரையில நின்னு பாத்ததோட எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. ஆனா அங்க கடையில ஒரு ஃப்ளை வாங்குற காசுக்கு இங்க ரெண்டு பேரு வயிறாறச் சாப்பிடலாம், அது பாறையில மாட்டுனா அத்தோட போச்சு. ஊருக்கு வந்ததும் ரெண்டாங்கட்டுல வெளிச்சம் விழுற பக்கமா மேசையைப் போட்டு உக்காந்துட்டேன். ஃபேன் மட்டும் போடக்கூடாது, இறகு பூராம் வளவுக்குப் பறந்து போயிரும், எங்க வீட்டுல அதுக்கே தினம் ஒரு பாட்டு.

சாமான் விஷயம் சொல்றேன். கொக்கியைப் பிடிக்கிற வைஸுக்கு நகை ஆசாரி ஒருத்தர் வேண்டாம்னு வச்சிருந்த கைவைஸை மரக்கட்டையில ஆணி அடிச்சு நிப்பாட்டியிருக்கேன், சாமணமும் அவருக்கிட்ட வாங்குனதுதான். ஃப்ளையோட தலையில முடிச்சு அவுறாம இருக்க கலர் இல்லாத நெயில் பாலிஷ், அங்கயும் பல பேரு அதைத்தான் தடவுறாங்க. உடம்புல பளபளன்னு வரி சுத்த டின்செல்னு விக்கிறாங்க, நான் எங்க ஆத்தாவோட கிழிஞ்ச பட்டுச்சேலை முந்தியில இருந்து சரிகையை உருவிக்கிட்டேன். அசல் வெள்ளிச் சரிகை, தண்ணியில மின்னுற மின்னலுக்கு பாக்கெட் சாமான் கிட்டக்கூட வராது, என்ன, நாளானா கறுத்துப் போகும்.

செம்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் போங்க. தலைமுடி கனத்துல எனாமல் பூசுன கம்பி சும்மாவே குடுப்பாங்க. இங்கிலாந்துல ஏவன் ஆத்துல ஃப்ராங்க் சாயர்னு ஒரு ஆத்துக் காவலர் இருந்தாரு, அவர் கட்டுன ஃபெசன்ட் டெயில் நிம்ஃபுல (நிம்ஃபுன்னா தண்ணிக்குள்ள இருக்குற பூச்சிக்குஞ்சு மாதிரி கட்டுறது) நூலே கிடையாது, ஃபெசன்ட்டுங்கிற கோழி மாதிரிப் பறவையோட வால் இறகும் செம்புக் கம்பியும் மட்டும்தான், கனத்துக்கும் அதே கம்பி கட்டுறதுக்கும் அதே கம்பி. நமக்கு ஃபெசன்ட்டுக்கு எங்க போறது, வான்கோழி வால் இறகு போட்டேன், கொஞ்சம் முரடா வரும், ஆனா மகன் அங்க ஒரு ஓடையில போட்டு ட்ரவுட் எடுத்துட்டான்.

இறகுலதான் நம்ம ஊரு பாதி ஜெயிக்குது பாதி தோக்குது. நாட்டுக்கோழிச் சேவல் கழுத்து இறகு, முதுகு இறகு ரெண்டும் புசுபுசுன்னு வால் வச்சுக் கட்டுற வூலி பக்கர் ஃப்ளைக்கும் தண்ணிக்குள்ள முங்குற வெட் ஃப்ளைக்கும் அருமை. தண்ணிமேல மிதக்குற ட்ரை ஃப்ளைக்கு உதவாது. நடுத்தண்டை ஒட்டி மெத்துமெத்துன்னு ஒரு பாகம் இருக்கும்ல, அது நாட்டுக்கோழிக்கு நுனி வரைக்கும் ஓடுது, தண்ணியைக் குடிச்சிட்டு முங்கிருது. அமெரிக்காவுல இதுக்குன்னே தலைமுறை தலைமுறையா கோழி வளக்குறாங்க, இறகு நீளமா ஒல்லியா வெறப்பா இருக்கும், ஒரே இறகுல பல ஃப்ளை கட்டலாம். "எல்லாமே நம்மகிட்ட இருக்கு"ன்னு சில பேரு பேசுவாங்க, அதெல்லாம் ட்ரை ஃப்ளை கட்டாதவங்க பேச்சு. ப்ராய்லர் இறகைப் பத்தி பேசவே வேண்டாம், குட்டையும் நொய்யுமா ஒண்ணுக்கும் ஆகாது.

தேவகோட்டை ஆச்சி

அண்ணே நல்லா எழுதியிருக்கீங்க. நான் மீன் பிடிக்க மாட்டேன், பேரன் சியாட்டில் பக்கம் இருக்கான், அவனுக்காகச் சாயம் போட்டுக் குடுக்குற வேலை என்னோடது. ஸ்டீல்ஹெட்டுக்கு ஊதா, கறுப்பு, ரோஸ், ஆரஞ்சு இதுங்கதான் வேணுமாம், இயற்கையில எந்தப் பூச்சி ஊதா நெறத்துல இருக்குன்னு கேட்டா சிரிக்கிறான்.

நம்ம பக்கம் கண்டாங்கி நெய்யிறவங்ககிட்ட சாயம் கேட்டீங்கன்னா அது பருத்திக்கு உள்ளது, இறகுல பிடிக்காது. இறகு, கம்பளி, பட்டு மூணும் ஒரே சாதி, அதுக்கு ஆசிட் டைன்னு தனியா இருக்கு, பட்டுக்குப் போடுறது. முதல்ல சோப்புத் தண்ணியில நல்லா ஊறவச்சு எண்ணெய்ப் பசையை எடுக்கணும், இதை விட்டுட்டா திட்டுத்திட்டா பிடிக்கும். அப்புறம் சாயத்தண்ணியில வினிகர் ஊத்தி, கொதிக்க விடாம, ஆவி பறக்குற சூட்டுல இறகைப் போட்டுக் கிண்டிக்கிட்டே இருந்தா தண்ணி வெளுத்துக்கிட்டே வரும், சாயம் பூராம் இறகுக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். சமையல் பாத்திரத்துல பண்ணாதீங்க, தனிச் சட்டி வச்சுக்குங்க. மஞ்சப்பொடியும் நல்லாப் பிடிக்கும், ஆனா வெயில்ல வெளுத்துரும்.

வான்கோழி அடிவயித்துல பஞ்சு பஞ்சா இருக்குற இறகை தூக்கிப் போடாதீங்க. மராபூன்னு கடையில விக்கிறது அதுதான். ஒரு காலத்துல ஆப்பிரிக்க நாரை இறகாம், இப்ப எல்லாம் வான்கோழிதான். தண்ணியில போட்டா மூச்சு விடுற மாதிரி அசையுது, பாக்கவே ஆசையா இருக்கும்.

கொன்னையூர் சேவல்

சண்டைச் சேவல் இறகு ட்ரை பண்ணுனீங்களா அண்ணே? எங்க வீட்டுல கீரி, வல்லூறு, காகம்னு ரகம் ரகமா சேவல் நிக்குது. உதுக்குற சமயத்துல பொறுக்கி வைக்கலாம். சேவலைப் பிடிச்சுப் பிடுங்க மட்டும் யாரும் விட மாட்டாங்க, கேட்டீங்கன்னா பேச்சு வார்த்தையே நின்னு போகும் :)

அப்புறம் மயில் இறகு? எங்க தோட்டத்துல கொட்டிக் கெடக்குது.

கானாடுகாத்தான் ரிட்டயர்டு

சண்டைச் சேவல் நல்ல வெறப்பு தம்பி, கொஞ்சம் அனுப்பி வையுங்க, சாம்பல்ல கறுப்பு வரி ஓடுற இறகு இருந்தா அதை முதல்ல. அங்க கிரிஸ்லின்னு அதுக்குத்தான் மவுசு.

மயில் விஷயத்துல கவனமா இருங்க. தானா உதிர்ந்த தோகையை நம்ம நாட்டுக்குள்ள வச்சிருக்கலாம், ஆனா வெளிநாட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, அதுல கட்டுன ஃப்ளைக்கும் சேத்துத்தான். நான் மயில் போட்டுக் கட்டுறது பூராம் இங்கயே வச்சுக்கிறேன். நாட்டுக்கோழி இறகுக்கும் அங்க ஏர்போர்ட்டுல கெடுபிடி உண்டு, பறவைக் காய்ச்சல் பயம். என் பையைப் பிரிச்சு பக்குவம் பண்ணாத இறகு ஒரு கவரை அப்படியே எடுத்து வச்சுக்கிட்டாங்க, கட்டி முடிச்ச ஃப்ளை டப்பாவை மட்டும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் குடுத்தாங்க. எதுவா இருந்தாலும் ஃபாரத்துல எழுதிக் காட்டிருங்க, மறைச்சா அபராதம்.

திருப்பத்தூர் பக்கம்

வேட்டங்குடி சரணாலயம் பக்கத்துல வெளிநாட்டுப் பறவை இறகெல்லாம் கிடக்குமே, அது உதவுமா?

கானாடுகாத்தான் ரிட்டயர்டு

வேண்டாம்யா. அந்தப் பேச்சே வேண்டாம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க அந்தப் பறவைகளுக்காகத் தீவாளிக்கு வெடி கூட வெடிக்கிறதில்ல, அங்க போயி நாம இறகு பொறுக்குனா அவங்க மொகத்துல முழிக்க முடியுமா. வீட்டுல வளக்குற கோழி, வான்கோழி, கின்னிக்கோழி போதும். கின்னிக்கோழியோட வெள்ளைப் புள்ளி இறகை ஸ்டீல்ஹெட் ஃப்ளைக்குக் கழுத்துல ஒரு சுத்து சுத்துனா அதுக்கு மேல அழகு எதுவும் இல்ல, அங்கயும் அதேதான் போடுறாங்க.

காரைக்குடி பழைய சாமான்

காட்டுக்கோழி பத்தி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல சுத்துறது என் பொழப்பு. ஒரு கடையில பர்மாத் தேக்குப் பொட்டி, எனாமல் சட்டிகளுக்கு நடுவுல ஒரு தகர டப்பா கிடந்துச்சு, திறந்தா உள்ள வரிசையா பெரிய பெரிய சால்மன் ஃப்ளை, கறுப்புக் கொக்கி. மலை எஸ்டேட்டு பங்களா சாமானோட வந்துச்சுன்னு கடைக்காரர் சொன்னாரு, காது தொங்கட்டான்னு நெனைச்சு வச்சிருக்காரு பாவம்!

கொக்கியில நூல் கோக்குற காதே இல்ல. அந்தக் காலத்துல தண்டுல பட்டுப்புழு நரம்பை வளைச்சு வச்சுக் கட்டி அதுல நூலைக் கோப்பாங்க, காது வச்ச கொக்கி பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியிலதான், அதை வச்சுப் பாத்தா டப்பாவுக்கு நூறு வயசுக்கு மேல இருக்கலாம். ஒவ்வொண்ணுலயும் கன்னத்துல ஒரு சின்ன இறகு, மெழுகுச் சொட்டு விட்ட மாதிரி மஞ்சளும் வெள்ளையும். பாத்ததும் தெரிஞ்சு போச்சு, நம்ம காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. மேற்குத் தொடர்ச்சி மலையில கத்திக்கிட்டுத் திரியுற கோழி, அதோட கழுத்தை உரிச்சு கப்பல்ல ஏத்தி ஸ்காட்லாந்து ஆத்துல சால்மன் பிடிக்கப் போட்டிருக்கான், அப்புறம் அதே ஃப்ளையைத் துரைமாருங்க பொட்டியில வச்சு இங்க திரும்பக் கொண்டு வந்திருக்கான். ஜாக் ஸ்காட்டுன்னு பேர் போன ஒரு ஃப்ளைக்கு இந்த இறகு இல்லாம ஆகாது.

இன்னிக்கு 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுக்கோழியைத் தொடக் கூடாது. இங்கிலாந்துல பண்ணையில வளத்து விக்கிறாங்க, நம்ம கோழியை அவன் வளத்து டாலர்லயும் பவுண்டுலயும் விக்கிறான். கடைக்காரர் சொன்ன விலைக்கு நான் வாங்கல, ஆனா பூதக்கண்ணாடி வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். நாலஞ்சு நெற இறகோட இழையை ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே இறகு மாதிரி சிறகு கட்டியிருக்கான், பசை கிடையாது, இறகு இழையில இருக்கற கொக்கிகளே ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்குது. கட்டுனவன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம். மீனுக்கு இதெல்லாம் தேவையே இல்லைங்கிறது வேற விஷயம்.

சியாட்டில் பேரன்

ஆயா என்னைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு அம்மா லிங்க் அனுப்பினாங்க :) ஆயா போட்டுக் குடுத்த ஊதா மராபூவுலதான் கட்டுறேன், தலையில ரோஸ் கலர் உல்லன் நூல் உருண்டை வச்சு, எக் சக்கிங் லீச்னு பேரு, அட்டைப்பூச்சி மீன் முட்டையைக் கவ்விட்டுப் போற மாதிரி. ஆறு கலங்கி இருக்குறப்ப, வெளிச்சம் கம்மியா இருக்குறப்ப கறுப்பு ஊதா மாதிரி அடர் கலரோட உருவம் தெளிவாத் தெரியும், அதான் ஆயா கேட்ட கேள்விக்குப் பதில். ஏறி வர்ற ஸ்டீல்ஹெட்டுக்கு சாப்பாட்டுல பெருசா நாட்டம் இருக்காது, கோவத்துலயோ பழக்கத்துலயோதான் கடிக்குது, அதனால பூச்சி மாதிரியே இருக்கணும்னு அவசியமில்ல, அசையணும்.

இங்க ரூல் ரொம்ப முக்கியம். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல குட்டியா ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும், பண்ணையில விட்ட மீன்னா அதை வெட்டி விட்டிருப்பாங்க. அது முழுசா இருந்தா காட்டு மீன், தண்ணியை விட்டு வெளிய எடுக்காம விட்டுரணும். பல எடத்துல முள் (கொக்கி நுனியில எதிர்ப்பக்கமா நீட்டிக்கிட்டிருக்குறது) இல்லாத கொக்கிதான் போடணும், கட்டுறதுக்கு முன்னாடியே குறடால முள்ளை நசுக்கிருங்க, கட்டுனப்புறம் நசுக்குனா சமயத்துல கொக்கியே ஒடிஞ்சு வேலை பூராம் வீணாகும். மீன் கிடைக்குதான்னு கேக்காதீங்க. பல நாள் ஒண்ணுமே கிடைக்காது.

கொன்னையூர் சேவல்

இங்க எங்கயாச்சும் போட்டுப் பாக்க முடியுமா? ஊருணியில?

கானாடுகாத்தான் ரிட்டயர்டு

ஊருணி குடிக்கிற தண்ணி, கால் நனைச்சாலே சண்டைக்கு வருவாங்க. கண்மாய்க்குப் போங்க, குத்தகைக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. வூலி பக்கரை ஜிலேபிக் கெண்டை நல்லாவே கடிக்குது, கரையில தக்கையும் மண்புழுவுமா உக்காந்திருந்த பயலுக எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க, "இரை எங்க அய்யா"ன்னு. இறகுன்னு சொன்னா எவனும் நம்பல. விரால் ஒண்ணு வந்து இழுத்ததுல நரம்பே அந்து போச்சு. ட்ரவுட்டு நம்ம வெயிலுக்குத் தாங்காது, தண்ணி இருபது டிகிரிக்கு மேல போனாலே அதுக்குத் திண்டாட்டம். நீலகிரியில அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரன் விட்ட ரெயின்போ வம்சம் இருக்கு, ஆனா எங்க அனுமதி உண்டுன்னு விசாரிச்சுட்டுத்தான் போகணும். இமாச்சல்ல தீர்த்தன் ஆத்துக்கு மீன்துறையில லைசென்ஸ் வாங்கிட்டுப் போலாம், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மூடிருவாங்க.

கொக்கி வாங்குறப்ப நம்பர் கூடக்கூட சைஸ் சிறுசுன்னு ஞாபகம் வச்சுக்குங்க. ஸ்டீல்ஹெட்டுக்கு 2ல இருந்து 6, நிம்ஃபுக்கு 10ல இருந்து 16. நூல் டெய்லர் கடை நூல் வேண்டாம், கனம், பஞ்சு பஞ்சா நிக்கும், தலை குண்டாயிரும். மெஷின் எம்பிராய்டரி நூல் பரவால்ல. சாமானை அள்ளிப் போடாதீங்க, பாட்டில் பிரஷ் ஆயிரும்.

ஆச்சி, ஊதா சாயம் மிச்சம் இருக்கா? இங்க வான்கோழி இறகு ஒரு கவரு சேந்துருச்சு.

தேவகோட்டை ஆச்சி

இருக்குண்ணே. சாயத்தை அனுப்புனா நீங்க கொதிக்க விட்டுருவீங்க, இறகை இங்க குடுத்து விடுங்க. சோப்புல அலசிட்டு அனுப்புங்க, போன தடவை யாரோ அனுப்புனது ஒரே பேனு.