அடிட்டுக்கு ஒரு தமிழ்ச் சொல்: சுருங்கையா, வடிவழியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சிறு நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வோருக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குச் செல்ல வேண்டும். செங்குத்துக் குழிக்கும் சாய்வழிக்கும் சொல் அமைந்துவிட்டது. மலைச்சரிவிலிருந்து பக்கவாட்டில் உள்ளே குடைந்து செல்லும் அடிட்டுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ஆள் நுழைவதும், உடைத்த பாறை வெளியேறுவதும், ஊறும் நீர் ஓடுவதும் அந்த ஒரே வழியில்தான். இப்போதைக்குக் 'கிடைச்சுரங்கம்' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

சுரங்கப் பொறியாளர் எழுதியது:

அம்மா, கிடைச்சுரங்கம் வேண்டாம். அடிட் மட்டமாக இருப்பதில்லை, இருக்கவும் கூடாது. உள்ளே செல்லச் செல்ல நூறு மீட்டருக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தரை உயரும்படி குடைவார்கள். அந்தச் சிறு ஏற்றத்தினால் நீர் தரையோர வாய்க்கால் வழியே தானாக வெளியே வரும். பாறை ஏற்றிய வண்டியும் இறக்கத்தில் வரும், வெறும் வண்டிதான் ஏற்றத்தில் போகும். கிடை என்ற சொல்லை நம்பி ஒருவர் மட்டமாகக் குடைந்தால், தண்டவாளம் சேற்றில் அமிழ்ந்துவிடும். அடிட்டுக்குக் கீழே வேலை நடக்கும்போது நீரைக் குழியில் சேர்த்துப் பம்பினால் ஏற்றுகிறோம். அப்போதும் அடிட் தரை வரை ஏற்றினால் போதும், மலைமேல் வரை ஏற்ற வேண்டியதில்லை. மேலிருந்து உறிஞ்சும் பம்பு, காற்றழுத்தத்தின் வரம்பினால், சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை இழுக்காது. நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர்தான். ஆகவே பம்பை நீருக்கு அருகில் இறக்குவது எத்தனை முக்கியமோ, மேலே நீரை வடியவிடும் வழி அமைவதும் அத்தனை முக்கியம். 'வடிவழி' என்று சொல்லலாமே? வடிந்த வழி, வடிகின்ற வழி, வடியும் வழி என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது.

தமிழாசிரியர் எழுதியது:

புதிதாக ஆக்குவதற்கு முன், இருப்பதைத் தேட வேண்டாமா? 'சுருங்கை' என்ற சொல் நம்மிடம் உள்ளது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழையும் இடத்தில், யானைக் கூட்டம் சென்றுவரும் சுருங்கை வீதி வருகிறது. மணிமேகலையிலோ, மகளிர் கூந்தல் கழுவிய நீர் ஓடும் சுருங்கைத் தூம்பு வருகிறது. ஓரிடத்தில் அது நடக்கும் வழி, மற்றோரிடத்தில் நீர் செல்லும் வழி; அடிட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எப்படி ஆக்குவது? சுரை என்றால் உட்டுளை. சுரங்கம், சுருங்கை, சுரைக்காய் எல்லாம் அந்தத் துளைப்பொருளில் பிறந்த ஒரு குடும்பம் என்பது என் உறுதியான கருத்து.

மற்றொரு நண்பர் எழுதியது:

சுருங்கையைக் கிரேக்க மொழியின் 'சிரிங்ஸ்' என்ற குழற்சொல்லோடு இணைக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர். தூய தமிழ் என்ற காரணத்துக்காக மட்டும் அதை ஏற்பதானால், முதலில் அதற்கு விடை சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

யாழுக்கும் முழவுக்கும் உரிமை கோரும் நாம், துளைக்கு மட்டும் கடன் வாங்கினோம் என்பதை நான் ஏற்கவில்லை. அப்படியே வந்திருந்தாலும், காப்பியத்தில் குடியேறிய சொல் வேற்றுச் சொல் ஆகாது.

தொழிற்பயிற்சி ஆசிரியர் எழுதியது:

ஐயா, தங்கள் புலமைக்கு வணக்கம். ஆயினும் என் மாணவர்கள் 'சுருங்கை' என்றதும் சுருங்கிய இடம் என்றுதான் எண்ணினார்கள். இன்று காலை வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். 1862-இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் எந்திரத்தின் பெரிய விட்டம் முறிந்து, இருந்த ஒரே குழியை அடைத்தது. உள்ளே சிக்கிய ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இரண்டு வெளியேறும் வழிகள் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது. இருட்டிலும் புகையிலும் ஓடிவருபவன் பலகையைப் படித்து, நின்று, பொருள் தேடிக்கொண்டிருக்க முடியாது. 'வழி' என்பது சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

சுரங்கப் பொறியாளர் எழுதியது:

'வடி' என்பதும் இருந்தே ஆக வேண்டும். உடைத்த பாறை, மலைக்குள் இருந்தபோது பிடித்த இடத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான இடத்தைக் கூடுதலாகப் பிடிக்கும்; எல்லாவற்றையும் மீண்டும் உள்ளே திணிக்க முடியாது. எனவே அது வாயருகே குவிகிறது. அக்குவியலில் பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமம் இருந்தால், காற்றும் நீரும் சேர்ந்து கந்தக அமிலம் ஊறும்; அடிட் நீரை அதன்மீது ஓடவிடக் கூடாது. வாயே இடிந்து மூடிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். 2015 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக் கோல்டு கிங் சுரங்கத்தில் அப்படி மூடிய வாயைத் தோண்டியபோது, பின்னால் தேங்கியிருந்த ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் பாய்ந்து அனிமாஸ் ஆற்றை மஞ்சளாக்கியது. வேலை நின்று ஆள் போன பின்னும் அது நீரின் வழியாகவே இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லட்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

பொருள் புரிகிறது. ஆனால் 'வடிவழி' என்பதை 'வடிவு அழி' என்றும் பிரிக்கலாமே! வடிவு என்பதன் ஈறு முற்றியலுகரம்தான்; எனினும் அதுவும் சில இடங்களில் உயிர் வரக் கெடும் என்பதற்கு நன்னூலில் இடம் உண்டு. பாதுகாப்புக் கையேட்டில் அழிவு தொனிக்கும் சொல்லை வைப்பதா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐவரில் மூவர் வடிவழிக்கு இசைந்துள்ளனர். கிரேக்கச் சொல்லை நினைவூட்டிய நண்பர் எப்பக்கமும் சாரவில்லை. ஆசிரியர் ஐயாவின் தடை நியாயமானது என்பதால், இடைவெளி விட்டு 'வடி வழி' என்று அச்சிடுகிறேன். கலைச்சொல் பட்டியலில் சுருங்கையும் பக்கத்தில் நிற்கும்.

தமிழாசிரியர் எழுதியது:

வினைத்தொகையை இடையில் பிளந்து எழுதுவதை நான் ஏற்க இயலாது. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.