வானொலியின் மேட் டிலன் தொலைக்காட்சிக்கு ஏன் வரவில்லை? வில்லியம் கான்ராட் குறித்து ஓர் ஐயம்

கேள்வி – இரவுநேர நேயர்

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக இரவு உணவு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அமெரிக்க வானொலியின் பழைய நாடகங்களைக் கேட்டு வருகிறேன். அவற்றுள் 1952 முதல் 1961 வரை சிபிஎஸ் வானொலியில் ஒலிபரப்பான 'கன்ஸ்மோக்' தொடர் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் மார்ஷலாக, அதாவது சட்டத்தைக் காக்கும் அதிகாரியாக, இருக்கும் மேட் டிலனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். சண்டையில் வென்ற பிறகும் அந்தக் குரலில் வெற்றிக்களிப்பு இருப்பதில்லை. மாறாக, இன்னொருவனைப் புதைக்க வேண்டியிருக்கிறதே என்ற சலிப்புதான் இருக்கிறது.

1955-இல் தொடர் தொலைக்காட்சிக்குச் சென்றபோது அந்த வேடம் ஜேம்ஸ் ஆர்னஸுக்குப் போய்விட்டது. கான்ராட் பருமனானவர் என்பதால் ஒதுக்கப்பட்டார் என்றே எங்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தை உருவாக்கியவரையே உடலைக் காட்டி விலக்கியது அவருடைய தொழில்வாழ்க்கையை முடக்கிவிட்டதா? பின்னாளில் அவர் பல தொடர்களுக்குக் கதைசொல்லியாக இருந்ததை அந்த இழப்புக்கான ஆறுதல் பரிசாகத்தான் பார்க்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி – ஒலிநாடா

பருமன் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆர்னஸ் ஆறடி ஏழு அங்குல உயரமுள்ளவர். தொலைக்காட்சி அப்போது தேடிய கௌபாய்க் கதை நாயகனின் அச்சு அது. ஆனால் கான்ராட் ஒருவர் மட்டும் வஞ்சிக்கப்பட்டார் என்பது போல நீங்கள் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. வானொலியில் செஸ்டராக நடித்த பார்லி பேர், டாக்டராக நடித்த ஹோவர்ட் மெக்நியர், கிட்டியாக நடித்த ஜார்ஜியா எல்லிஸ் ஆகிய மூவரும் கூடவே மாற்றப்பட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக டென்னிஸ் வீவர், மில்பர்ன் ஸ்டோன், அமண்டா பிளேக் வந்தார்கள். நால்வரையும் ஒருசேர மாற்றியிருக்கும்போது அதை ஒருவரின் எடையோடு மட்டும் முடிச்சுப்போடுவது பொருந்தாது. வானொலியில் கேட்டுப் பழகிய ஒரு குழு திரையில் எடுபடாது என்று தயாரிப்புத் தரப்பு பொதுவாகவே எண்ணியிருக்கிறது என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதும் வானொலித் தொடர் நின்றுவிடவில்லை. 1955 முதல் 1961 வரை ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அமெரிக்காவில் இரண்டு மேட் டிலன்கள் இருந்தார்கள். ஜான் மெஸ்டன் வானொலிக்கு எழுதிய கதைகள் பலவற்றை ஆர்னஸ் திரையில் நடித்துக்கொண்டிருக்க, கான்ராட் ஒலிவாங்கியின் முன் தன் டிலனைத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஆகவே 'பறிபோனது' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகவே பயன்படுத்த வேண்டும்.

(மெக்நியரை நீங்கள் முகமாகவும் பார்த்திருக்கக்கூடும். 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வில் முடிதிருத்துநர் ஃபிளாய்டாக வருபவர் அவர்தான்.)

மறுமொழி – கறுப்புவெள்ளை

ஒலிநாடா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கான்ராடின் வாழ்க்கையில் இப்படி நடந்தது ஒரே ஒரு முறை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1948 ஜனவரியில் 'எஸ்கேப்' என்ற வானொலித் தொடரில், தென் அமெரிக்கக் காட்டில் தன் தோட்டத்தை நோக்கி வரும் எறும்புப் படையை எதிர்த்து நிற்கும் லைனிங்கன் என்ற தோட்ட முதலாளியாக அவர் நடித்தார். அந்தத் தொடரின் புகழ்பெற்ற நாடகங்களில் அது ஒன்று. அதே கதை 1954-இல் 'தி நேக்கட் ஜங்கிள்' என்ற திரைப்படமானபோது லைனிங்கன் வேடம் சார்ல்டன் ஹெஸ்டனுக்குப் போயிற்று; கான்ராடும் அந்தப் படத்தில் இருக்கிறார், ஆனால் மாவட்ட கமிஷனராக. தான் நாயகனாக இருந்த கதைக்குள்ளேயே துணை வேடத்தில் நின்று, இன்னொருவர் நாயகனாக நடப்பதைப் பார்க்கும் நிலை எத்தனை நடிகர்களுக்கு வாய்க்கும்? 'கன்ஸ்மோக்' வேடம் கைநழுவியது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

அதற்காக அவரைத் திரையில் எடுபடாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். 1946-இல் வெளிவந்த 'தி கில்லர்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். சிற்றூர் உணவு விடுதி ஒன்றுக்குள் மேலங்கி அணிந்த இருவர் நுழைகிறார்கள். ஒருவர் சார்ல்ஸ் மெக்ரா, மற்றவர் கான்ராட். ஆறு மணிக்கு முன் கிடைக்காத உணவைக் கேட்பதும், கடிகாரத்தைப் பற்றி வாதாடுவதும், கல்லாவில் நிற்பவரைச் சிறுவன் போல நடத்துவதுமாக அவர்கள் பேசுவது எல்லாம் அற்ப விஷயங்கள்தான். ஆனால் கான்ராட் குரலை உயர்த்தாமலேயே அந்த அறையின் காற்றை இறுக்கிவிடுகிறார். பர்ட் லங்காஸ்டரின் முதல் படம் என்றே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் பத்து நிமிடங்கள் அந்தக் கொலைகாரர்கள் இருவருக்கே சொந்தம்.

மறுமொழி – பின்னணிக் குரல்

கதைசொல்லியாக இருந்ததை ஆறுதல் பரிசு என்று கேள்வியாளர் குறிப்பிட்டது எனக்குச் சற்று உறுத்துகிறது. கான்ராட் லாஸ் ஏஞ்சலிஸில் கேஎம்பிசி வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் போர்விமானியாகப் பணிபுரிந்து திரும்பியவர். வானொலியில் 7,500-க்கும் மேற்பட்ட வேடங்களில் நடித்ததாக அவரே கணக்குச் சொன்னவர். அப்படிப்பட்டவருக்குக் கதை சொல்வது தொழிலின் மையமே அன்றி ஓரம் அல்ல.

இரண்டு தொடர்களை அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். 1959-இல் தொடங்கிய 'ராக்கி அண்ட் புல்விங்கிள்' கார்ட்டூனில் அவர் மூச்சிரைக்கப் பேசுகிறார்; ஒன்றுமில்லாத நிகழ்ச்சிக்கு உலகமே அழியப்போவது போன்ற பதற்றத்தைக் குரலில் ஏற்றுகிறார்; பாத்திரங்கள் அவரோடு எதிர்வாதம் செய்கின்றன. பகுதி முடியும்போது அடுத்த பகுதிக்கு ஒன்றல்ல, இரண்டு சிலேடைத் தலைப்புகளை அறிவிக்கிறார். 1963 முதல் 1967 வரை ஓடிய 'தி ஃபியூஜிடிவ்' தொடரிலோ, செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்றுத் தப்பியோடும் டாக்டர் கிம்பிளின் நிலையை, விதியைப் பற்றிய சொற்களைக்கூட வழக்குப் பதிவேட்டை வாசிப்பது போன்ற நிதானத்தில் சொல்லிப் போகிறார். அழுத்தம் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் விடுவதில்தான் அந்தக் குரலின் வலிமை இருக்கிறது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்று முதன்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். இத்தனைக்கும் 'ஃபியூஜிடிவ்' தொடரில் கதைசொல்லியாக அவர் பெயர் திரையில் இடம்பெறவே இல்லை.

அந்தத் தொடரைத் தயாரித்த குவின் மார்ட்டின்தான் 1971-இல் 'கேனன்' தொடரில் அவரை நாயகனாக்கினார். ஃபிராங்க் கேனன் லாஸ் ஏஞ்சலிஸில் தனியார் துப்பறிவாளர். பருமனானவர், நல்ல சாப்பாட்டுப் பிரியர், பெரிய லிங்கன் காரில் சுற்றுபவர். எந்த உடலைக் குறையாகக் கண்டார்களோ அந்த உடலையே அச்சாக வைத்து வார்த்த பாத்திரம் அது. அப்போது கான்ராடுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தொடர் 1976 வரை ஓடியது. 1987-இல் தொடங்கிய 'ஜேக் அண்ட் தி ஃபேட்மேன்' தொடரில் பருமன் தலைப்புக்கே ஏறிவிட்டது.

மறுமொழி – ஒலிநாடா

இடைப்பட்ட காலத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்கிறேன். அறுபதுகளில் அவர் இயக்குநராகவும் இருந்தார். 1965-இல் மட்டும் வார்னர் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய மூன்று படங்கள் வந்தன. அவற்றுள் 'பிரெயின்ஸ்டார்ம்' ஒன்றை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். தொலைக்காட்சி 'கன்ஸ்மோக்'கின் சில பகுதிகளையும் அவர் இயக்கினார். ஆர்னஸ் டிலனாக நிற்க, பழைய டிலன் கேமராவுக்குப் பின்னால் நின்று அவருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கேள்வியாளரின் பதில் – இரவுநேர நேயர்

அனைவருக்கும் நன்றி. 'ஆறுதல் பரிசு' என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கறுப்புவெள்ளை குறிப்பிட்ட எறும்பு நாடகத்தை நேற்றிரவு கேட்டேன். அரை மணி நேரமும் தரையில் கால் வைக்கத் தயங்கிக் கட்டிலின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்து அந்தத் திரைப்படத்தைப் பார்க்கப் போகிறேன்; ஹெஸ்டனைவிட கமிஷனரைத்தான் அதிகம் கவனிப்பேன் என்று தோன்றுகிறது.